சாரத்துக் காமாலை

மழை விட்டிருந்த ஞாயிற்றுக்கிழமை. வேம்பு கூரைமேல் உட்கார்ந்து உடைந்த ஓடுகளை மாற்றிக்கொண்டிருந்தான். கீழே நின்ற அவன் அப்பா பக்கிரி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். ஐப்பசி பிறந்து பத்து நாளாகியும் அன்றைக்குத்தான் சாரம் ஊருக்குள் வெயில் எட்டிப் பார்த்திருந்தது.

"இன்னும் ஒண்ணு குடுப்பா. இந்தாண்ட ஒரு சந்து இருக்குது."

"போதும்டா, எறங்கு. கருவாட்டுக் கொழம்பு ஆறிப்போவுதுன்னு உங்கம்மா கத்துறா."

"சந்த வச்சிட்டு எறங்கினா அடுத்த மழைக்கு உன் தலையிலதான் ஊத்தும். பொறு."

இறங்கி வந்து கை கால் கழுவினான். இரண்டு தரம் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். சேதராப்பட்டில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனியில் அவனுக்கு வேலை. மறுநாள் முதல் ஷிப்டுக்கு நீலச் சட்டையைத் துவைத்துப் போடச் சொல்லிவிட்டு, ஒரு முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். அப்போது மணி மூன்று இருக்கும். வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்து.

ஐந்து மணிக்குள் இட்லிக்கடைக் கொளஞ்சியின் சின்ன மகன் ராமலிங்கம் தெருமுனையிலிருந்து ஓடி வந்தான்.

"மாமா, வேம்பு எழுந்திரிக்க மாட்டேங்குறான். வெறகுத் தொட்டி பின்னால கெடக்குறான். தண்ணி தெளிச்சும் எழுந்திரிக்கல."

சொன்னவனுக்கும் கண் செருகிக்கொண்டிருந்தது. பக்கிரி அதைப் பார்த்தார். கேட்க நேரமில்லை. இரண்டு ஆட்களோடு விறகுக்கடைப் பின்புறம் ஓடி, தூக்கி வந்தார்கள். பக்கிரி மில்லில் முப்பது வருஷமாகத் தறி ஓட்டுகிறவர். எட்டுத் தறிகளில் ஒன்று நின்றாலும் திரும்பிப் பார்க்காமலே அவருக்குத் தெரியும். மகனின் நெஞ்சில் கையை வைத்தவர் வைத்த வேகத்தில் எடுத்துவிட்டார்.

வீட்டுக்குள் கிடத்தியபோது சட்டைக்கை மேலே ஏறியிருந்தது. முழங்கை மடிப்பில் கொசு கடித்த மாதிரி வரிசையாகப் புள்ளிகள். கூட்டம் உள்ளே நுழைவதற்குள் பக்கிரி சட்டைக்கையை இழுத்துவிட்டு, மணிக்கட்டில் பொத்தானைப் போட்டார். எதிரில் நின்ற அவர் மனைவி மணியம்மாளும் அந்தப் புள்ளிகளைப் பார்த்துவிட்டாள். அவள் அழவில்லை. கிட்டே வந்து காதில் சொன்னாள்:

"ஆஸ்பத்திரி, போலீசு, அறுக்கறது, ஒண்ணும் வேணாம். காமாலைன்னு எழுதிட்டு வாங்க. கொளஞ்சி மவனுக்கு எழுதினீங்களே, அப்பிடி."

அதற்குக் காரணம் உண்டு.

பிரெஞ்சுக்காரன் காலத்தில் பிறப்பு, இறப்பு எதைப் பதிவதென்றாலும் மேரிக்குச் சாட்சியோடு போகவேண்டும். நகராட்சிக் கட்டடத்துக்கு ஊரில் மேரி என்றே பெயர், சாட்சிக்குத் தெமுவான். பிரெஞ்சுக்காரன் கப்பலேறிப் போய், சட்டம் மாறி, தாள் மாறி, ஆபீசர்களும் மாறிவிட்டார்கள். ஆனால் சாட்சியில்லாமல் போனால் பதிவு நிற்காது என்கிற நினைப்பு மட்டும் தெருவைவிட்டுப் போகவில்லை. பக்கிரி சின்ன வயதில் நாலு வருஷம் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். தமிழிலும் பிரெஞ்சிலும் கையெழுத்துப் போடுவார். அதனால் இருபத்திரண்டு வருஷமாகத் தெருவுக்கே அவர்தான் சாட்சி. தெமுவான் பக்கிரி என்றால்தான் அடுத்த தெருக்காரனுக்கு அடையாளம் தெரியும். பிள்ளை பிறந்தால் அப்பன்காரனோடு போய்ப் பெயர் எழுதிவிட்டு வருவார். பெரியவர்கள் போனால் "வயசாயிடுச்சுங்க" என்று சொல்லி எழுதிவிட்டு வருவார். வீட்டில் இறந்தவர்களுக்கு வீட்டார் சொல்கிற காரணத்தையே எழுதிக்கொண்ட காலம் அது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கொளஞ்சியின் மூத்த மகன் கண்ணையன் செத்தபோது அவள் பக்கிரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பவுடரு போட்டான்னு எழுதிடாதீங்கண்ணே. சின்னவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்றாள். கண்ணையன் கடைசியில் மெலிந்து மஞ்சளாகத்தான் இருந்தான். பக்கிரி போய்க் காமாலை என்று சொன்னார். காமாலையில் மானக்கேடு எதுவும் இல்லை. நல்லவனுக்கும் வரும், கெட்டவனுக்கும் வரும். அதற்குப் பிறகு அந்தச் சுற்றுவட்டத்தில் இளவட்டம் எவன் போதை ஊசியோடு விழுந்தாலும் வீட்டுக்காரர்கள் பக்கிரியைத் தேடி வந்தார்கள். கண்ணையனோடு சேர்த்து ஆறு பேருக்கு அவர் காமாலை சொன்னார். ஒருவருக்கும் அதற்காக ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை. உதவி என்றுதான் நினைத்தார்.

ஏழாவது வேம்பு.

மறுநாள் மேரியில் குமாஸ்தா பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு, பிரெஞ்சு மரியாதையோடு, "மிஸ்ஸே பக்கிரி, உங்க பக்கம் காமாலை இவ்ளோ இருக்குதே, இன்னா சேதி?" என்று கேட்டார்.

பக்கிரிக்கு வாயில் வந்தது இதுதான்: "தண்ணி சரியில்லீங்க."

குமாஸ்தா தலையை ஆட்டி அதையும் ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டார்.

தை மாதம் நகராட்சி ஆட்கள் சாரத்துக்கு வந்தார்கள். கிணறு கிணறாக எட்டிப் பார்த்து வாளி வாளியாக பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினார்கள். வண்டியில் மைக் கட்டி, தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள், ஈ மொய்த்த பண்டத்தைத் தின்னாதீர்கள் என்று கத்திக்கொண்டு போனார்கள். கொளஞ்சி தெருமுனையில் இட்லிக்கடை போட்டிருந்தாள். அவள் சண்டைக்கே போய்விட்டாள்.

"யோவ் மேஸ்திரி, எங்க கெணத்துல இன்னாத்த ஊத்துன? மாவெல்லாம் மருந்து வாடை அடிக்குது. இட்லிய வாயில வச்சவன் ஆஸ்பத்திரின்னு நெனச்சிக்கினு ஓடுறான்."

"எங்கள இன்னாம்மா கேக்குற? இங்கதான் காமாலைல கொத்துக்கொத்தா சாவுறாங்களாம். மேல ஆர்டரு."

கொளஞ்சி மேஸ்திரியை விட்டுத் திரும்பினாள். கிணற்றங்கரையில் நின்ற பக்கிரியை ஒரு தரம் பார்த்தாள். அவரும் பார்த்தார். இருவரும் வேறு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

மணியம்மாள் மட்டும் அன்றிலிருந்து தண்ணீரைக் காய்ச்சினாள். குடிக்கிற தண்ணீர், வாய் கொப்பளிக்கிற தண்ணீர் எல்லாவற்றையும் தளதளவென்று கொதிக்கவிட்டு, வெள்ளைத்துணியில் வடிகட்டினாள். விறகு தீர்ந்தால் தென்னமட்டை பொறுக்கிக்கொண்டு வந்தாள்.

*

எண்பத்தேழாம் வருஷம் பங்குனியில் கொளஞ்சி பக்கிரியை நிறுத்தினாள். மில்லில் மூன்றரைக்கு ஷிப்டு விடும் சங்கு பிடித்ததும், தலையெல்லாம் பஞ்சுத்தூசியோடு அவர் வந்துகொண்டிருந்தார். கடை மூடியிருந்தது. அவள் ஆட்டுக்கல்லைக் கழுவிக்கொண்டே பேசினாள்.

"அண்ணே, சின்னவன் நேத்து இட்லிக் குண்டானத் தூக்கினு போயிட்டான். வித்துட்டான்."

"குண்டானயா?"

"மூடிய மட்டும் வச்சிட்டுப் போயிருக்கான், மவராசன். அவிச்சா அதுலதான் அவிக்கணும்." சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "மெட்ராசுக்குக் கூட்டினு போனேன். எடமில்லன்னுட்டான். இங்க பெரியாஸ்பத்திரில, இது நோயில்லம்மா, கொழுப்புன்னு ஒருத்தன் சொல்றான். மூத்தவன செவப்புத்துணி போத்தி சுடுகாட்டுக்கு அனுப்பிட்டேன். இவனையும் காமாலைன்னு எழுதுவீங்களா?"

பக்கிரி தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டினார்.

"ராமதாசு ஒரு மனு எழுதிக்கினு சுத்துதே, அது வந்தா இவனுக்கு எதுனா ஆவுமா?"

"வந்தா ஆவும்."

"அப்ப வரவைங்க."

ராமதாஸ் மில் யூனியனில் இருந்தார். நகராட்சியே ஒரு போதைத் தடுப்பு வாரியம் அமைக்கவேண்டும் என்பது மனு. ஒரு டாக்டர், ஒரு போலீஸ் அதிகாரி, மில் ஆட்கள், தாய்மார்கள் அதில் இருக்கவேண்டும். சும்மா கிடக்கிற பழைய மருந்தகக் கட்டடத்தில் ஆறு கட்டில் போடவேண்டும். டாக்டர் சீட்டில்லாமல் ஊசி மருந்து விற்கிற கடைகளைச் சோதிக்க வாரியத்துக்கு அதிகாரம் வேண்டும். முந்நூறு கையெழுத்து வாங்கிவிட்டார். பையனைப் பறிகொடுத்த வீட்டுக் கையெழுத்து ஒன்றுகூட இல்லை.

மறுநாள் மில் வாசல் டீக்கடையில் அவர் பக்கிரியைப் பிடித்தார்.

"முந்நூறு பேரும் ஊருக்கு நல்லது பண்றவன். எனக்கு வேண்டியது வீட்ல விளக்கு அணைஞ்சவன். புதன்கிழமை ஆணையர் விசாரணை வச்சிருக்காரு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும், மாமா."

"நான் சொன்னா மீதி ஆறு வூடும் தெருவுக்கு வந்துடும்டா."

"உங்க வூட்ட மட்டும் சொல்லுங்க."

"என் வூட்டுல நான் ஒருத்தனா இருக்கேன்?"

அன்று சாயங்காலம் மணியம்மாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கிரி எதிரில் உட்கார்ந்து தாமும் ஒரு கொத்தை எடுத்து உருவ ஆரம்பித்தார். தறிச்சத்தத்தில் கத்திக் கத்திப் பழகியவருக்கு மெதுவாகப் பேசப் பார்த்தால் குரல் கம்மிவிடும்.

"புதன்கிழமை மேரில கூட்டம்."

"போவாதீங்க."

"ராமலிங்கம் நெலம மோசமா இருக்குது."

"அவந்தான் எம்புள்ளைக்குப் பழக்கினான்."

"இல்ல மணி. நம்மவன்தான் அவனுக்குப் பழக்கினான். ராமலிங்கமே எங்கிட்ட சொன்னான், கருமாதி அன்னிக்கி."

மணியம்மாள் உருவிய கீரையையெல்லாம் முறத்தில் போட்டு மறுபடி முதலிலிருந்து பார்த்தாள்.

"ஏழு மாசம் புள்ளையா இருக்கும்போது வந்த காய்ச்சல்லயே அவன் போயிருக்கணும். மடியில வச்சிக்கினு காப்பாத்துனேன். ஊர்க்காரன் வாயில பவுடர்காரன்னு போடவா காப்பாத்துனேன்? அவனுக்குக் காமாலைதான். நீங்க எழுதி, கையெழுத்துப் போட்டுட்டு வந்தீங்க. தெமுவான் சொன்ன சொல்ல மாத்துவானா?"

பக்கிரி காம்புகளைக் கூட்டி எடுத்துக்கொண்டுபோய் வெளியே ஆட்டுக்குப் போட்டார்.

*

புதன்கிழமை முதல் ஷிப்ட் முடிந்து நேராக மேரிக்குப் போனார். வாயைத் திறப்பதில்லை, கேட்டுவிட்டு வரலாம் என்றுதான் போனார். கடல்காற்று ஜன்னல் கதவுகளை அடித்துக்கொண்டிருந்தது. நீள மேசைக்குப் பின்னால் ஆணையர். பக்கத்தில் குமாஸ்தா, முன்னால் பெரிய பதிவேடு. நாற்பது பேர் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில், வாசல் நிலையில் சாய்ந்தபடி கொளஞ்சி. இடுப்பில் மூடிபோட்ட கூடை.

ராமதாஸ் நன்றாகப் பேசினார். ஆணையர் மரியாதையானவர், முழுவதையும் கேட்டார்.

"மிஸ்டர் ராமதாஸ், உங்க அக்கறை புரியுது. ஆனா நான் ரெக்கார்டை வச்சுத்தான் நடக்க முடியும். அஞ்சு வருஷத்து இறப்புப் பதிவை எடுக்கச் சொன்னேன். போதைப்பொருளால இறந்ததா ஒரு பதிவுகூட இல்லை. ஒண்ணுமே இல்லை." குமாஸ்தாவைப் பார்த்தார். "அதை வாசிங்க."

குமாஸ்தா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "சாரம் பகுதி. மஞ்சள் காமாலை. ஏழு. எல்லாரும் ஆண்கள். வயது பத்தொன்பதிலிருந்து இருபத்தாறு."

"பார்த்தீங்களா?" என்றார் ஆணையர். "உங்க பகுதிக்குப் பிரச்சினை காமாலை. நாங்க கவனிக்காம இல்லை. கிணறுகளுக்கு மருந்து போட்டாச்சு. தெரு முழுக்கப் புதுக் குழாய் போடவும் ஏற்பாடு பண்ணியாச்சு. இருக்கிற நிதி அதுக்குப் போகுது. முதல்ல நல்ல தண்ணி கொடுப்போம். வாரியத்தை அப்புறம் பார்க்கலாம்."

ராமதாஸ் மனுவை மடித்தார். கூட்டத்தில் யாரோ, "தண்ணியும் வேணுந்தான்," என்றார்கள். ஆணையர் பேனாவை மூடினார்.

பக்கிரி எழுந்துவிட்டார். எழுந்தபிறகுதான் எழுந்தது அவருக்கே தெரிந்தது. ஏழு பையன்களையும் அவர் ஏழு கிணறுகளில் கரைத்து ஊற்றிவிட்ட மாதிரி இருந்தது. எட்டாவது ஒன்று, கொளஞ்சியின் வீட்டில் நடுங்கிக்கொண்டு கிடந்தது.

"ஐயா!" என்றார். அது தறிக்கூடத்துக் குரல். முன்வரிசையில் இரண்டு பேர் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். "அந்தக் காமாலைய எழுத வச்சவன் நான்."

"நீங்க யாரு?"

"தெமுவான், ஐயா. குமாஸ்தா ஐயாவுக்குத் தெரியும். ஏழுலயும் என் கையெழுத்து இருக்குது, பாருங்க. காமாலையும் இல்ல, ஒண்ணும் இல்ல. தண்ணி சரியில்லன்னு சொன்னவனும் நான்தான். எங்க கெணத்துத் தண்ணி இளநீராட்டம் இருக்கும்."

குமாஸ்தா பக்கங்களைப் புரட்டினார். விரல் ஒவ்வொரு கையெழுத்தாக நின்று நகர்ந்தது.

"பொய்யான தகவல் கொடுக்கிறது குற்றம். தெரியுமா உங்களுக்கு?" என்றார் ஆணையர்.

"தெரியும். எழுதிக்கிங்க. தண்டனைய அப்பறம் குடுங்க, நான் எங்கயும் ஓட மாட்டேன். மொதல்ல இத எழுதிக்கிங்க. ஏழாவது, வேம்பு. என் புள்ள. இருபத்தொரு வயசு. வெறகுத் தொட்டி பின்னால ஊசி போட்டுக்கினு செத்தான். நான் தூக்கினு வந்தேன். நான்தான் சட்டைய இழுத்து மூடினேன்."

ஜன்னல் கதவு ஒரு தரம் அடித்தது. யாரோ எழுந்துபோய்க் கொக்கி மாட்டினார்கள்.

"மீதி ஆறு?"

"அத நான் சொல்ல மாட்டேன். அவங்களுக்கு நான் சாட்சிதான், அப்பன் இல்ல. அவங்களா வந்து சொன்னா கேட்டுக்கிங்க."

"அப்போ ஒண்ணுதானே ஆச்சு?"

"ரெண்டு," என்று கடைசியிலிருந்து குரல் வந்தது. கொளஞ்சி கூடையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "மொதல்ல எழுதினது எம் மவன் கண்ணையன். எழுதச் சொன்னதும் நான்தான். இந்த அண்ணன ஜெயிலுக்கு அனுப்புனா என்னையும் சேத்து அனுப்பு. ஆனா வூட்டுல இன்னொருத்தன் கெடக்குறான். அவனுக்கு ஒரு கட்டில் போட்டுட்டு அனுப்பு."

ஆணையர் மூடிய பேனாவைத் திறந்தார்.

"பேர் சொல்லுங்கம்மா. மெதுவா. நானே எழுதிக்கிறேன்."

அடுத்த வாரத்துக்குள் நான்கு வீட்டார் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து குமாஸ்தாவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு வீட்டார் கடைசிவரை வரவில்லை. அந்த வீட்டுப் பையன் எப்படிச் செத்தான் என்று பக்கிரியும் யாரிடமும் சொல்லவில்லை.

*

அந்தப் புதன்கிழமை கூட்டம் முடிந்து பக்கிரி வீடு வருவதற்கு முன்பே செய்தி வந்துவிட்டது. மணியம்மாள் அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"சொல்லிட்டு வந்தீங்களா?"

"சொல்லிட்டேன்."

"அவன் பேர சொன்னீங்களா?"

"பேரு, வயசு, எல்லாம்."

"கத்தியா சொன்னீங்க?"

"எனக்கு வேற எப்பிடிப் பேசத் தெரியும்?"

அவள் எழுந்து சோற்றைப் போட்டாள். குழம்பை ஊற்றினாள். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டாள். பதினெட்டு நாள் அவரோடு பேசவில்லை. சோறு மட்டும் ஒரு வேளையும் தவறவில்லை. பத்தொன்பதாம் நாள், "உப்புப் போதுமா?" என்று கேட்டாள். போதும் என்றார் பக்கிரி. உண்மையில் அன்றைக்கு உப்பே இல்லை.

வாரியம் அமைந்தது, பக்கிரியும் அதில் ஒருவர். ஆவணி மாதம் உத்தரவு வந்தது. முதல் கூட்டத்தை ஆணையர் காலை பதினொரு மணிக்கு வைத்திருந்தார். பக்கிரி எழுந்து, "ஐயா, பதினோரு மணிக்குப் பேச வர்றவன் எவனும் வேலைக்குப் போறவனா இருக்க மாட்டான். மில்லு சங்கு பிடிக்கறது மூணரைக்கு. நாலு மணிக்கு வைங்க," என்றார். நாலு மணி என்றே எழுதினார்கள். மாதத்தின் முதல் புதன்கிழமை. ஆணையர் வரத் தாமதமானால் பக்கிரியே தொடங்கிவைத்துவிடுவார். மருந்துக்கடைகளைப் பார்க்கப் போகும்போது போலீஸ் அதிகாரியைவிட அவர்தான் முன்னால் நடப்பார். முதல் மாதத்திலேயே இரண்டு கடைகள் ஊசி விற்பதை விட்டன. ஒரு கடைக்காரன் ஊரையே விட்டுப் போனான்.

பழைய மருந்தகத்துக்கு வெள்ளையடித்து ஆறு கட்டில் போட்டார்கள். முதல் கட்டில் ராமலிங்கத்துக்கு. அவன் இரண்டு தரம் சுவர் ஏறிக் குதித்து ஓடினான். இரண்டு தரமும் கொளஞ்சியும் பக்கிரியும் போய்க் கூட்டிவந்தார்கள். இரண்டாவது தரம் கொளஞ்சி டாக்டரிடம், "சொவத்துல கண்ணாடிச் சில்லு பதிச்சு வைங்க டாக்டரு, இல்லாட்டி இவனக் கட்டிலோட கட்டி வைங்க. என்னால ஓட முடியல, மூட்டு வலிக்குது," என்றாள். டாக்டர் சிரித்தார். ராமலிங்கமும் சிரித்தான். அவன் சிரித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. மூன்றாவது தரம் அவன் ஓடவில்லை. அடுத்த வருஷம் சேதராப்பட்டிலேயே வேலைக்குச் சேர்ந்தான். முதல் மாதம் கூலி வாங்கிய அன்று அம்மாவுக்குப் புது இட்லிக் குண்டான் வாங்கி வந்தான். பழைய மூடி அதற்குப் பொருந்தவில்லை என்று அவள் அதற்கும் திட்டினாள்.

சாரத்துக்குப் புதுக் குழாயும் வந்தது. உத்தரவு ஆகிவிட்டது, ரத்து செய்தால் இன்னும் நாலு தாள் எழுதவேண்டும் என்று அப்படியே போட்டுவிட்டார்கள்.

அந்த ஆறு கட்டில்களுக்கும் சனிக்கிழமைதோறும் மணியம்மாள்தான் மிளகு ரசம் வைத்து எடுத்துக்கொண்டு போவாள். யாரும் சொல்லி அவள் போகவில்லை. பக்கிரி தூக்குப்பாத்திரத்தைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு கூடவே நடப்பார். கனகசெட்டிக்குளத்திலிருந்து, அரியாங்குப்பத்திலிருந்தெல்லாம் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்ட தாய்மார்கள் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கும் அவள் ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுப்பாள். வாரியத்துக்காரர் வீட்டம்மா என்று அவர்களுக்குத் தெரியும். பேச்சுவாக்கில் எவளாவது ஒருத்தி கேட்பாள்: "உங்களுக்கு எத்தனை புள்ளைங்கக்கா?"

"ஒரு பையன். இருந்தான்."

"அய்யோ. இன்னா ஆச்சு?"

மணியம்மாள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தபடி சொல்வாள்: "காமாலைம்மா."

பக்கத்தில் நிற்கும் பக்கிரி அடுத்த டம்ளரை எடுத்து அவளிடம் நீட்டுவார்.